சம்பளம் கேட்காத காவல்காரி!

சித்திரை பிறந்துவிட்டால் ராஜபாளையம் பக்கத்து மாந்தோப்புகளில் குடிசைகள் முளைத்துவிடும். காவல் குடிசைகள்!

ஒரு கயிற்றுக் கட்டில். ஒரு டார்ச் விளக்கு. ஒரு கம்பு. காலடியில் ஒரு நாய். காவல்காரரின் சொத்து இவ்வளவுதான். இரவில் வௌவால் வரும். பகலில் அணில் வரும், குரங்கு வரும். வேலி தாண்டிக் குதிக்கும் பையன்களும் வருவார்கள். எல்லோரையும் விரட்ட வேண்டும். அதற்காக அவருக்குச் சம்பளம் உண்டு.

அதே தோப்பில் இன்னொரு காவலும் நடக்கிறது. அந்தக் காவலுக்குக் குடிசை இல்லை, கம்பு இல்லை, சம்பளமும் இல்லை. அப்படி ஒரு காவல் நடப்பதே பல தோப்புக்காரர்களுக்குத் தெரியாது.

காவல் காப்பது ஒரு குளவி. எள்ளில் பாதிகூட இல்லாத குட்டிக் குளவி!

அதிலும் வேலை செய்வது பெண் குளவிதான். ஆகவே காவல்காரன் என்று சொல்வதைவிடக் காவல்காரி என்று சொல்வதே பொருத்தம்.

இந்தக் காவல்காரியைத்தான் ஆண்டுதோறும் நஞ்சு தெளித்துக் கொன்று வருகிறார்கள். தெரிந்து செய்வதில்லை. திருடனைக் கொல்வதாக நினைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

திருடன் யார்?

ராஜபாளையம், சோழபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் அமைப்பே தனி. மேற்கே மலை. அடிவாரத்தில் மாவும் தென்னையும். கிழக்கே போகப் போகக் கரிசல் நிலம், பருத்தி. மா, தென்னை, பருத்தி மூன்றுக்கும் பொதுவான எதிரிகள் உண்டு. அவை சாறு உறிஞ்சும் பூச்சிகள்.

அவற்றில் ஒரு குடும்பம் செதில் பூச்சி. இலையிலும் காம்பிலும் காயிலும் சின்னச் சின்னச் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் பூச்சி என்றே சொல்ல முடியாது. மரத்துக்குச் சொறி வந்துவிட்டதோ என்று தோன்றும். குஞ்சாக இருக்கும்போது கொஞ்ச தூரம் ஊர்ந்து போகும். நல்ல இடம் பார்த்து ஊசி போன்ற வாயைக் குத்தி உட்கார்ந்துவிடும். பிறகு பெண் பூச்சி சாகும்வரை பெரும்பாலும் அதே இடம்தான். முதுகில் மெழுகினால் ஒரு கேடயம் கட்டிக்கொள்ளும். கேடயத்துக்கு அடியில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு குடும்பம் மாவுப் பூச்சி. செதில் பூச்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பெல்லாம் வெள்ளை மாவைக் கொட்டியது போல மெழுகு. கொத்துக் கொத்தாகக் கூட்டம் போட்டு உட்காரும்.

மாவுப் பூச்சியும் செதில் பூச்சியில் பல வகைகளும் உறிஞ்சிய சாற்றில் மிஞ்சியதைத் தேன் போலக் கழியும். அந்தத் தேன் இலையில் வடிந்தால் கரும்பூசணம் படரும். இலை கரி பூசியது போல ஆகும். வெயில் பட்டாலும் மரத்துக்குச் சமைத்துச் சாப்பிட முடியாது.

தேன் என்றால் எறும்பு சும்மா இருக்குமா? வரிசை கட்டி வந்துவிடும். மனிதன் மாட்டுக்குத் தீவனம் போட்டுப் பால் கறப்பது போல, எறும்பு இந்தப் பூச்சிகளைக் காவல் காத்துத் தேன் கறக்கிறது. பூச்சியைத் தின்ன யார் வந்தாலும் கடித்துத் துரத்துகிறது. ஆக, திருடனுக்கும் ஒரு காவல்படை இருக்கிறது!

குளவி கொட்டினால்...

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். மண்கூட்டுக்குள் குளவி ஒரு புழுவைக் கொண்டு போய் வைத்ததைப் பார்த்தார்கள். சில நாள் கழித்து அந்தக் கூட்டிலிருந்து குளவி வெளியே வந்ததையும் பார்த்தார்கள். புழுதான் குளவியாக மாறிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பார்த்தது சரி. முடிவுதான் தவறு. குளவி முட்டை இடுகிறது. முட்டையிலிருந்து வந்த குளவிக் குஞ்சு, கூட்டில் இருந்த புழுவைத் தின்று வளர்ந்து குளவியாகப் பறக்கிறது.

தோப்பில் இருக்கும் குட்டிக் குளவி செய்வதும் இதேதான். ஆனால் அது மண்கூடு கட்டுவதில்லை. மாவுப் பூச்சியின் உடம்பே அதற்குக் கூடு!

பெண் குளவி இலைமேல் நடந்து போகும். மீசையால் தட்டித் தட்டிப் பார்க்கும். தனக்கு ஏற்ற பூச்சி கிடைத்ததும் வால் ஊசியைக் குத்தி, உள்ளே முட்டையை வைத்துவிட்டு அடுத்த பூச்சியைத் தேடிப் போகும். உள்ளே பொரிந்த குஞ்சு பூச்சியைக் குடைந்து தின்னும். பூச்சி உப்பிக் காய்ந்து வெறும் தோலாகும். பிறகு அந்தத் தோலில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். செதில் பூச்சிக்கும் இதே கதிதான். கேடயம் இருந்தும் பயன் இல்லை.

மனிதனைக் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். கையில் வந்து உட்கார்ந்தால்கூடத் தெரியாது. அவ்வளவு சிறியது.

கோவையில் வந்த வெள்ளைப் படை

குட்டிக் குளவியால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் 2008ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு கோவையில் பப்பாளி மரங்களில் ஒரு புது மாவுப் பூச்சி தென்பட்டது. அதன் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். எப்படியோ கடல் தாண்டி வந்துவிட்டது. அதே ஆண்டில் இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் தலை காட்டியது. வந்தது யார் என்று அடையாளம் காட்டியவர்களில் முக்கியமானவர் ரங்கசாமி முனியப்பன் என்ற பூச்சியியல் அறிஞர். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

பப்பாளியில் வந்த பூச்சி பப்பாளியோடு நின்றதா? இல்லை. மரவள்ளிக்குத் தாவியது. மல்பெரிக்குத் தாவியது. பருத்தி, செம்பருத்தி, கத்தரி, தேக்கு என்று 60க்கும் மேற்பட்ட செடி, மரங்களில் ஏறி உட்கார்ந்தது. கொங்கு நாட்டுச் சாலை ஓரத்துக் களைச் செடிகள்கூட வெள்ளை அடித்தது போல நின்றன. மல்பெரி இலை கெட்டால் பட்டுப்புழுவுக்குத் தீனி இல்லை. தீனி இல்லாவிட்டால் பட்டு வளர்க்கும் குடும்பத்துக்குச் சோறு இல்லை.

மருந்து அடித்தார்கள். அடித்து அடித்துப் பார்த்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்தில் எட்டு செத்தாலும், மிஞ்சிய இரண்டு மறுபடி நூற்றுக்கணக்கில் முட்டை வைத்தன. மரத்தை வெட்டிக் கொளுத்தியவர்களும் உண்டு. நட்ட செடியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போடுவது எவ்வளவு பெரிய வேதனை என்று விவசாயிக்குத்தான் தெரியும்.

இந்தப் பூச்சி மெக்சிகோவில் ஏன் இப்படி ஆட்டம் போடவில்லை? அங்கே அதற்கு எதிரி இருக்கிறது. இங்கே பூச்சி மட்டும் வந்தது. எதிரி வரவில்லை. அப்படியானால் எதிரியையும் கொண்டு வர வேண்டியதுதானே!

அதைத்தான் செய்தார்கள். அமெரிக்க விவசாயத் துறையின் உதவியோடு, போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகள் 2010ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தன. வந்தவுடன் திறந்துவிடவில்லை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் அடைத்து வைத்துச் சோதித்தார்கள். பட்டுப்புழுவைத் தொடுமா? நன்மை செய்யும் மற்றப் பூச்சிகளைத் தொடுமா? தொடாது என்று உறுதியான பிறகே வெளியே விடச் சம்மதம் கிடைத்தது.

இந்தச் சோதனை வீண் தாமதம் என்று நினைக்கக் கூடாது. கரும்பு வண்டை ஒழிக்க 1935இல் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தேரையைக் கொண்டு போனார்கள். தேரை கரும்பு வண்டை ஒழிக்கவில்லை. கண்டதையெல்லாம் தின்று நாடு முழுவதும் பெருகி, தானே பெரிய தொல்லையாகிவிட்டது. கண்டதைத் தின்னும் பிராணி காவலுக்கு ஆகாது. ஒன்றையே தேடித் தின்னும் பிராணிதான் ஆகும்.

முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப் பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கினார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இந்த வேலையில் இறங்கின. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து குளவிகளை வயலில் விட்டார்கள். விவசாயிகள் சிறு குப்பிகளில் அவற்றை வாங்கிப் போனார்கள். காசு கொடுத்து அல்ல!

மூன்று வகையில் ஒன்று மற்ற இரண்டையும் முந்திக்கொண்டது. அதன் பெயர் அசெரோபேகஸ் பப்பாயே. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் சில மாதங்களில் வெள்ளைப் படை சுருண்டது. 2011இல் பப்பாளி மறுபடி காய்த்தது, மல்பெரி தழைத்தது. இந்த வேலையால் ஐந்தாண்டில் நாட்டுக்குக் கிடைக்கும் லாபம், குறைத்து மதிப்பிட்டாலும் 50 கோடி டாலருக்கு மேல் என்று பொருளாதார ஆய்வு ஒன்று கணக்குப் போட்டது.

மரவள்ளியிலும் இதே கதை. அதற்கென்று வேறொரு மாவுப் பூச்சி உண்டு. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து கோடிக்கணக்கான ஏழைகளின் கிழங்கைத் தின்றது. ஹான்ஸ் ஹெரன் என்ற அறிஞரின் தலைமையில், பராகுவே நாட்டில் கண்டுபிடித்த குளவியைக் கொண்டு வந்து விட்டு அடக்கினார்கள். அவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020இல் அந்தப் பூச்சி கேரளத்தில் தென்பட்டு, தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

அந்தக் காலத்திலேயே!

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. 1880களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளைப் பஞ்சு போன்ற ஒரு செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் கோபெல் என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஒரு பொறிவண்டைக் கண்டுபிடித்து அனுப்பினார். அதை 1889இல் விட்டார்கள். ஆரஞ்சு பிழைத்தது.

அதே செதில் பூச்சி 1928இல் நீலகிரிக்கு வந்தது. அதே பொறிவண்டை 1929இல் கலிபோர்னியாவிலிருந்தும் மறு ஆண்டு எகிப்திலிருந்தும் தருவித்து அடக்கினார்கள்.

தெற்கத்தி மாவட்டங்களில் ஒரு காலத்தில் சப்பாத்திக் கள்ளி ஊரை வளைத்துப் பிடித்திருந்தது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டு வந்த ஒரு பூச்சிதான் கள்ளியைத் தின்று தீர்த்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூச்சியும் செதில் பூச்சியின் சொந்தக்காரர்தான்! கள்ளியில் உட்கார்ந்தால் நண்பன். மாவில் உட்கார்ந்தால் திருடன்.

கலிபோர்னியாக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டி.டி.டி. வந்தது. ஆரஞ்சுத் தோப்புகளில் வேறு பூச்சிகளுக்காக அதைத் தெளித்தார்கள். பொறிவண்டு செத்தது. அரை நூற்றாண்டாக அடங்கிக் கிடந்த செதில் பூச்சி உடனே தலை தூக்கியது. டி.டி.டி.யை நிறுத்தி, பொறிவண்டை மறுபடி கொண்டு வந்து விட்ட பிறகுதான் நிலைமை சீரானது.

ராஜபாளையத்துத் தோப்புக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய கதை இதுதான். நஞ்சு தெளிக்கும்போது முதலில் சாவது யார்? கேடயத்துக்குள் உட்கார்ந்திருக்கும் செதில் பூச்சியா? இலைமேல் நடந்து திரியும் குளவியா? குளவிதான். அடுத்த மாதம் செதில் பூச்சி இரண்டு மடங்காகிறது. 'மருந்து பத்தவில்லை' என்று இன்னும் கடுமையான சரக்கு வாங்குகிறார்கள். கடைக்காரர் கணக்கில் கடன் ஏறுகிறது. நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் பெரிய வியாபாரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்!

விற்பதற்கு ஆள் இல்லை

நஞ்சுக்குக் கடை உண்டு. விளம்பரப் பலகை உண்டு. கடனுக்குக் கொடுப்பவரும் உண்டு. இந்தக் குளவிக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு முறை குடியேறிவிட்டால் அது தானே பெருகும். தானே பக்கத்து ஊருக்குப் பறந்து போகும். அடுத்த ஆண்டு வாங்க வேண்டியது இல்லை. மறுபடி வாங்கத் தேவை இல்லாத சரக்கை எந்த முதலாளி விற்பார்? ஆகவே இது வியாபாரிகள் செய்கிற வேலை அல்ல. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. 2010இல் செய்து காட்டினார்கள். ஆனால் கொள்ளை நோய் வந்தால்தான் செய்வது என்று இருக்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்த வட்டாரத்துத் தோப்புகளில் எந்தக் குளவி இருக்கிறது, எந்தத் தெளிப்பு அதைக் கொல்கிறது என்பதை ஆண்டுதோறும் பார்த்து, ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். நஞ்சுக் கடைப் பலகைக்குப் பக்கத்தில் அந்தச் செய்தியும் பெரிய எழுத்தில் தொங்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதுதான் குத்தகை.

மாந்தோப்பைப் பூவிலேயே விலை பேசுவது வழக்கம். முன்பணம் கொடுத்தவருக்கு இந்த ஆண்டு காய்தான் கணக்கு. அடுத்த ஆண்டு அவர் வருவாரோ, வேறொருவர் வருவாரோ! அதனால் சந்தேகத்துக்கு ஒரு தெளிப்பு, பயத்துக்கு ஒரு தெளிப்பு என்று அடித்துத் தள்ளுகிறார். பூவில் தத்துப்பூச்சி மிஞ்சிப் போனால் தெளிக்க வேண்டியதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. பூச்சியே இல்லாத மரத்துக்கும் நாள் குறித்து அடிப்பதுதான் கொடுமை. அதன் கேடு அவருக்கு இல்லை, தோப்புக்குச் சொந்தக்காரருக்கு. அவர் பிள்ளைகளுக்கு. அந்தப் பக்கம் மலையில் 2021இல் புலிகள் காப்பகமாக்கிய காடு இருக்கிறது. இந்தப் பக்கம் தோப்படியில் பால்மாடு மேய்கிறது. நடுவில் நிற்கும் மரத்துக்கு நாம் எதை ஊற்றுகிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

எல்லாம் குளவியே பார்த்துக்கொள்ளுமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. ஓலைகள் கரி பிடித்துப் போயின. அந்த ஈயைத் தின்னும் என்கார்சியா என்ற குட்டிக் குளவி முன்பே நம் மண்ணில் குடியேறியிருந்தது. அது வேலையையும் தொடங்கியது. ஆனாலும் பப்பாளியில் கிடைத்தது போல முழு வெற்றி தென்னையில் கிடைக்கவில்லை. வெயில் காலத்தில் ஈ பெருகுகிறது. வேறு வெள்ளை ஈக்களும் வந்து சேர்ந்துகொண்டன. தென்னை விவசாயிகள் பட்ட நஷ்டம் கொஞ்சநஞ்சம் அல்ல. அவர்களிடம் போய், குளவி வரும், பொறுங்கள் என்று சொல்வது எளிது. பொறுப்பது கடினம்.

அப்படி இருந்தும், தென்னைக்கு நஞ்சு அடிக்காதீர்கள் என்றுதான் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அடித்தால் இருக்கும் கொஞ்சக் குளவியும் போய்விடும். குளவி உள்ள ஓலைத் துண்டை எடுத்துக் குளவி இல்லாத மரத்தில் கட்டச் சொல்கிறார்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கச் சொல்கிறார்கள். விசையோடு தண்ணீரை அடித்து ஓலையைக் கழுவச் சொல்கிறார்கள். செலவு குறைவு. ஆனால் உழைப்பு அதிகம்.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குக் கூட்டிப் போங்கள். கொய்யாவோ, மாவோ, வீட்டு வாசல் செம்பருத்தியோ, ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செதிலின் முதுகில் ஊசி குத்தியது போல வட்ட ஓட்டை தெரிகிறதா? உப்பிக் காய்ந்த மாவுப் பூச்சி தெரிகிறதா? அப்படியானால் காவல்காரி வந்து போயிருக்கிறாள். தெளிப்பானைத் தோளில் மாட்ட வேண்டியது இல்லை.

எறும்பு வரிசை மரத்தில் ஏறுகிறதா? முதலில் அதைத் தடுக்க வேண்டும். அடிமரத்தில் பசை தடவிய பட்டை ஒன்றைச் சுற்றினால் போதும். எறும்பு ஏறாவிட்டால் குளவிக்குப் பாதி வேலை முடிந்தது.

மாவுப் பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில், அதைவிடப் பெரிதாக, வெள்ளைச் சடை தொங்க ஒரு புழு வேகமாக ஊர்ந்தால் நசுக்கிவிடக் கூடாது. அதுவும் மாவுப் பூச்சி போலவே தோன்றும். உண்மையில் அது மாவுப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. வேஷம் போட்டுக்கொண்டு திருடர் கூட்டத்தில் புகுந்த போலீஸ்காரர்! பெரிய மாவுப் பூச்சி என்று நினைத்து எத்தனை பேர் அதைக் கொன்றிருப்பார்களோ!

தை மாதம் பூ விலை பேச ஆள் வரும்போது, முன்பணம் எவ்வளவு, கடைசித் தவணை எப்போது என்றெல்லாம் பத்திரத்தில் எழுதுகிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து இலையைப் பார்க்காமல் நஞ்சு அடிக்கக் கூடாது என்று அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். அதற்குத் தனியாக முத்திரைத்தாள் வாங்க வேண்டியது இல்லை.